கொள்முதல் காள்முதலான கதை

"என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன். கொள்முதல்னு அடிச்சா காள்முதல்னு நிக்குது."

மனைவி கூப்பிட்டதும் நான் முதலில் சந்தேகப்பட்டது ஃபான்ட்டைத்தான். தமிழில் கம்ப்யூட்டர் பயன்படுத்துகிற யாருக்கும் அதுதான் தோன்றும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று எழுத்து சிதறிக் கிடப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம். அரை மணி நேரம் ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே காள்முதல்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது, வரியின் முதல் எழுத்துக்கு மட்டுமே இந்தக் கதி. "சேலை" வரியின் நடுவில் வந்தால் கொம்போடு ஒழுங்காக நிற்கிறது, தொடக்கத்தில் வந்தால் "சலை" ஆகிவிடுகிறது. "சுங்குடி"யில் சுவுக்குப் பாதி உடம்பைக் காணோம். மானிட்டரின் வலது ஓரத்தைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. ஆக, ஃபான்ட் மேல் தப்பே இல்லை. மொத்தப் படமும் இடது பக்கம் நகர்ந்து, அதன் ஓரம் மானிட்டரின் சட்டத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சின்ன வீடு, ஹாலில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, அதன் மேல் ஒரே ஒரு 24 அங்குல மானிட்டர். அதற்குக் கம்ப்யூட்டர் இரண்டு. பகலில் என் ஆபீஸ் லேப்டாப். மாலை நான்கு மணிக்கு மேல் அவளுடைய டெஸ்க்டாப். வீட்டிலிருந்தே சுங்குடியும் கைத்தறியும் வாங்கி விற்கிறாள், கொள்முதல், பாக்கி, கூரியர் எல்லாக் கணக்கும் அதில்தான். டெஸ்க்டாப் பழையது, படத்தை வெளியே அனுப்பப் பின்னால் இருப்பது பழைய வகை வி.ஜி.ஏ. போர்ட் மட்டும்தான். லேப்டாப்பில் புது வகை ஹெச்.டி.எம்.ஐ. மானிட்டரில் இரண்டுக்கும் ஆளுக்கொரு வாசல் இருக்கிறது. இன்னொரு மானிட்டர் வாங்கலாம்தான், ஆனால் மேஜையில் இடமில்லை, சேலைகளை மடித்து வைக்க மேஜையின் மறுபாதி வேண்டும். எனவே ஒன்றை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவு செய்தோம்.

படம் நகர்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மானிட்டரில் "ஆட்டோ அட்ஜஸ்ட்" என்று ஒரு பட்டன் உண்டு, வி.ஜி.ஏ.வில் மட்டும் வேலை செய்யும். அமுக்கினேன். படம் ஒரு குலுக்கு குலுங்கி, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. மறுபடி அமுக்கினால் வேறொரு இடம். மச்சினனைக் கேட்டேன். "மாமா, கேபிள மாத்திப் பாருங்க" என்றான். புதுக் கேபிள் வாங்கி மாட்டியும் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. ஏன் நகராது என்று இப்போது தெரியும், அதைப் புரிந்துகொண்டதிலிருந்துதான் இந்த வேலையே எனக்குப் பிடித்துப்போனது.

வி.ஜி.ஏ. என்பது 1987இல் ஐ.பி.எம். தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த ஏற்பாடு. நீலத் தலையும் மூன்று வரிசையில் பதினைந்து ஊசியும் உள்ள அந்தக் கேபிளை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் 1, 2, 3ஆம் ஊசிகளில் சிவப்பு, பச்சை, நீலம் போகிறது. 13ஆம் ஊசியில் "இதோ அடுத்த வரி" என்று ஒரு தட்டு, 14இல் "இதோ அடுத்த படம்" என்று ஒரு தட்டு. அவ்வளவுதான். "இது 1ஆம் பிக்சல், இது 2ஆம் பிக்சல்" என்று அந்தக் கம்பியில் யாரும் எண்ணிச் சொல்வதில்லை. நிறத்தின் அளவு மட்டும் ஏறி இறங்கியபடி ஓடிக்கொண்டே இருக்கும். தட்டு விழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் கழித்துப் படம் தொடங்குகிறது என்பதை மானிட்டர் தானாகவே ஊகித்து அளந்துகொள்ள வேண்டும்.

தட்டுக்கும் படத்துக்கும் நடுவில் எதற்கு இடைவெளி? பழைய டப்பா டி.வி. காலத்துச் சொத்து அது. படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை ஒரு வரியை இடமிருந்து வலமாக வரைந்து முடித்ததும், திரும்ப இடது ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். அந்த நேரத்தில் திரையில் எதுவும் தெரியக் கூடாது என்பதற்காக வெறுமையாக விட்டார்கள். படக்குழாய் போய்விட்டது, கற்றையும் போய்விட்டது, இடைவெளி மட்டும் போகவில்லை. 1920க்கு 1080 என்று நாம் சொல்கிற படம் கேபிளில் போகும்போது 2200க்கு 1125 என்ற கணக்கில் போகிறது. அகலத்தில் 280, உயரத்தில் 45, கண்ணுக்குத் தெரியாத ஓரம். ஹெச்.டி.எம்.ஐ.யிலும் இதே கணக்குதான், அங்கே திரும்பி வர எந்தக் கற்றையும் இல்லாவிட்டாலும். அந்த வெறும் நேரத்தில்தான் ஹெச்.டி.எம்.ஐ. ஒலியை அனுப்புகிறது. முன்னோர் விட்டுப்போன காலி மனையில் வீடு கட்டிக்கொண்டது மாதிரி எனக்குத் தோன்றும்.

2200ஐ 1125ஆல் பெருக்கி, நொடிக்கு 60 படம் என்று அதையும் பெருக்கினால் 14 கோடியே 85 லட்சம். ஒரு நொடிக்குள் அத்தனை பிக்சல். ஒரு பிக்சலுக்குக் கிடைக்கிற நேரம் 6.7 நானோ செகண்ட். என் மனைவியின் திரையில் காணாமல் போனது அரை சென்டிமீட்டர், அதாவது சுமார் 18 பிக்சல், அதாவது ஏறத்தாழ 120 நானோ செகண்ட். மானிட்டர் அவ்வளவு நேரம் தாமதமாக விழித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் "கொ"வின் கொம்பு போய்விட்டது. படம் இடம் மாறியதாக நாம் பார்க்கிறோம். உண்மையில் மாறியது நேரம். இது புரிந்த அன்று நான் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேபிளை மாற்றி ஏன் பயனில்லை என்பதும் அப்போதே விளங்கிவிட்டது: தட்டும் நிறமும் ஒரே கேபிளில்தான் வருகின்றன, தாமதம் என்றால் இரண்டுக்கும் சேர்ந்தே தாமதம்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு டி.வி.யில் படம் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருக்கும். அப்பா பின்பக்கம் போய் ஒரு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டு, "நின்னுருச்சா? இப்ப? இப்ப?" என்று கேட்பார். நாங்கள் முன்னால் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் பா" என்போம். அதுவும் இதே சமாச்சாரம்தான், அடுத்த படம் எப்போது தொடங்குகிறது என்பதை டி.வி. தவறவிட்டுவிடும். அப்பா திருகியது நேரத்தை.

சரி, ஆட்டோ அட்ஜஸ்ட் ஏன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது? படத்தின் ஓரம் எங்கே என்று மானிட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், வெறும் கறுப்பு முடிந்து வெளிச்சம் தொடங்குகிற இடத்தைத் தேடுகிறது. அவள் வைத்திருந்த வால்பேப்பர் ராத்திரி நேரத்து மீனாட்சியம்மன் கோபுரம். சுற்றிலும் கறுப்பு வானம், நடுவில் விளக்குப் போட்ட கோபுரம். மானிட்டருக்கு எது வானத்தின் கறுப்பு, எது வெற்று நேரத்தின் கறுப்பு என்று எப்படித் தெரியும்?

எனவே ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முழுத் திரைக்கும் விரித்து, மெனுபார்கூடத் தெரியாதபடி நான்கு ஓரமும் வெள்ளையாக இருக்கும்படி செய்துவிட்டு, அப்புறம் பட்டனை அமுக்கினேன். ஒரே குலுக்கு. நான்கு ஓரமும் சட்டத்தில் போய்ச் சொருகினாற்போல உட்கார்ந்தது. வி.ஜி.ஏ.வில் படம் நகர்ந்து அவதிப்படுகிறவர்கள் வேறு எதற்கும் முன்னால் இதைச் செய்து பார்க்க வேண்டும், பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

இடம் சரியானாலும் எழுத்து இன்னும் முழுக்கத் தெளியவில்லை. நடுத் திரையில் சில இடங்களில் எழுத்துக்கு நிழல் விழுந்தாற்போல இருந்தது. ஆங்கிலத்துக்கு அது பெரிய தொல்லை இல்லை. தமிழுக்குப் புள்ளி இருக்கிறதே. சின்ன அளவில் எழுத்து வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். அது மங்கினால் "பாக்கி" "பாககி"யாகத் தெரியும், கணக்குப் பார்க்கிறவருக்குக் கண் வலிக்கும். அவள் மாலையில் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததற்கு நான் இதை ஒரு காரணமாக யோசித்திருக்கவே இல்லை.

இதற்கு மெனுவில் இரண்டு அளவு உண்டு, கிளாக் என்று ஒன்று, ஃபேஸ் என்று ஒன்று. ஒரு வரியை எத்தனை துண்டாக நறுக்குவது என்பது கிளாக். ஒவ்வொரு துண்டிலும் எந்தக் கணத்தில் நிறத்தை எடுப்பது என்பது ஃபேஸ். பிக்சலின் நடுவில் எடுத்தால் சுத்தமான நிறம் கிடைக்கும், ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததற்கு மாறுகிற இடத்தில் எடுத்தால் இரண்டும் கலந்த கலங்கல்தான் கிடைக்கும். சரிபார்க்க, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று செங்குத்துக் கோடுகளாலேயே ஒரு படம் வரைந்துகொண்டேன், சரியாக 1920க்கு 1080. அதைப் பெரிதாக்காமல் சுருக்காமல் முழுத் திரையில் வைத்தால், கிளாக் தப்பாக இருக்கும்போது திரையில் அகலமான சாம்பல் பட்டைகள், வேட்டிக் கரைபோல, வரிசையாக நிற்கும். கிளாக்கை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போனேன். ஐந்து பட்டை மூன்றானது, மூன்று ஒன்றானது, அந்த ஒன்றும் மெல்ல விரிந்து விரிந்து திரை முழுக்க ஒரே சீராகிவிட்டது. அப்புறம் ஃபேஸ். திரை முழுவதும் எறும்பு ஊர்வதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு எண்ணாக நகர்த்த நகர்த்த அடங்கி, ஒரு இடத்தில் நடுக்கம் சுத்தமாக நின்று, ஒவ்வொரு கோடும் ஊசியால் கீறியதுபோலத் தனித்தனியாகத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் எழுத்தின் அளவை ஒரு படி குறைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

அடுத்தது கீபோர்டும் மவுஸும். இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக வைத்தால் மேஜை நிறைந்துவிடுகிறது. சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு கே.வி.எம். பெட்டி வாங்கி வந்தேன். கீபோர்டு, மானிட்டர், மவுஸ் மூன்றையும் ஒரே பட்டனில் இந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் மாற்றுகிற பெட்டி. லேப்டாப்புக்கு ஒரு ஹெச்.டி.எம்.ஐ.–வி.ஜி.ஏ. மாற்றியும் போட்டு இரண்டையும் பெட்டி வழியாக இணைத்தேன். டெஸ்க்டாப்பில் அதுவரை 1920க்கு 1080 வந்துகொண்டிருந்த இடத்தில் 1024க்கு 768க்கு மேல் எதுவுமே பட்டியலில் இல்லை. எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டாற்போலக் குண்டாகத் தெரிந்தது.

காரணம் 12, 15ஆம் ஊசிகள். மானிட்டர் தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்த இரண்டு கம்பியில்தான். இ.டி.ஐ.டி. என்று பெயர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். நான் யார் செய்தது, என் அகலம் எவ்வளவு, எனக்குப் பொருத்தமான ரெசல்யூஷன் எது என்றெல்லாம் அதில் இருக்கும். மலிவான சில பெட்டிகளில் அந்தக் கம்பிகளை உள்ளே இணைப்பதே இல்லை. எனக்குக் கிடைத்தது அப்படி ஒன்று. ஜாதகம் வராததால் கம்ப்யூட்டர் எதற்கு வம்பு என்று எல்லா மானிட்டருக்கும் ஒத்துவரக்கூடிய சின்ன அளவைக் கொடுத்துவிட்டது.

டெஸ்க்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, உபுண்டு என்கிற லினக்ஸ் என்பதால் கையாலேயே சொல்லிக்கொடுக்க வழி இருந்தது. சி.வி.டி. என்ற கட்டளையிடம் 1920, 1080, 60 என்று கொடுத்தால் அதற்கான நேரக் கணக்கைப் போட்டுத் தரும், அதை எக்ஸ்ரேண்டர் கட்டளையில் கொடுத்துப் புது மோடாகச் சேர்க்கலாம். (லினக்ஸில் திரையைக் கவனித்துக்கொள்ள எக்ஸ்-ஆர்க், வேலண்ட் என்று இரண்டு ஏற்பாடு உண்டு. எக்ஸ்-ஆர்க் செஷனில்தான் இது நடக்கும், வேலண்டில் நடக்காது.) சேர்த்தேன். பெரிய படம் வந்தது, ஆனால் இந்தத் தடவை வலது பக்கம் தள்ளி. சி.வி.டி. போடுகிற கணக்கு வேறு: அகலம் மொத்தம் 2576, நொடிக்கு 17 கோடியே 30 லட்சம் பிக்சல். வரிகளின் வேகம் என்று பார்த்தால் அது 67.2 கிலோ ஹெர்ட்ஸ், முதலில் சொன்ன 2200 கணக்கு 67.5. கிட்டத்தட்ட ஒன்று. என் மானிட்டர் ஒன்றை மற்றொன்று என்று எடுத்துக்கொண்டு, பழைய இடத்திலேயே படத்தைத் தேடியிருக்க வேண்டும்.

எனவே சி.வி.டி. கணக்கை விட்டுவிட்டு 2200 கணக்கையே எழுதினேன்: 148.50 (அந்த 14 கோடியே 85 லட்சம்தான், மெகா ஹெர்ட்ஸில்), பிறகு 1920 2008 2052 2200, பிறகு 1080 1084 1089 1125, இரண்டு தட்டும் பிளஸ். படம் நடுவுக்கு வந்தது, ஏறக்குறைய. இன்னும் பன்னிரண்டு பிக்சல் வலப்பக்கம் போக வேண்டியிருந்தது. மானிட்டர் மெனுவுக்குப் போகாமல் இங்கேயே சரிசெய்யலாம் என்று தோன்றியது. 2008ம் 2052ம்தான் தட்டு தொடங்கி முடிகிற இடம். இரண்டிலும் பன்னிரண்டைக் குறைத்து 1996, 2040 என்று போட்டேன். தட்டு பன்னிரண்டு பிக்சல் முன்னால் விழுகிறது, அதனால் படம் தட்டுக்குப் பின் பன்னிரண்டு பிக்சல் தாமதமாக வருகிறது, அதனால் வலப்பக்கம் நகர்கிறது. எண்டர் தட்டியதும் திரை ஒரு கணம் இருண்டு, படம் சரியாகப் போய் ஓரத்தில் ஒட்டியது. அப்பா டி.வி.க்குப் பின்னால் நின்று திருகியதை நான் எண்களில் திருகியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது, இந்தக் கட்டுரையின் தொடக்கம் அதுதான்.

ஆனாலும் ஒரு வாரத்தில் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டேன். லேப்டாப்பில் நல்ல ஹெச்.டி.எம்.ஐ. இருக்கும்போது அதை வி.ஜி.ஏ.வாக்கி, பெட்டி வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி மானிட்டருக்குள் பிக்சலாக நறுக்குவது பாலைத் தயிராக்கிப் பாலாக்கப் பார்ப்பது மாதிரி. மானிட்டருக்கே இரண்டு வாசல் இருக்கிறது, படத்தை நேராக அதற்கே விட்டுவிட வேண்டும். கீபோர்டையும் மவுஸையும் மட்டும் மாற்ற யு.எஸ்.பி. ஸ்விட்ச் என்று தனியாக ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. என் தீர்மானம் இது: படம் போகிற வழியில் தேவையில்லாமல் எதையும் குறுக்கே வைக்கக் கூடாது.

அப்படிச் செய்தால் மானிட்டரின் வாசலை மாற்ற அதன் அடியில் தடவி நான்கு தடவை பட்டன் அமுக்க வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. ஜாதகம் வருகிற அதே கம்பி வழியாக மானிட்டருக்கு ஆணையும் அனுப்பலாம், டி.டி.சி./சி.ஐ. என்பார்கள். லினக்ஸில் டி.டி.சி.யூட்டில் என்ற நிரல். மானிட்டர் வாசலுக்கான எண் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமல்) 60, அதற்குச் சாதாரண எண்ணில் 1 என்று கொடுத்தால் முதல் வி.ஜி.ஏ., 17 என்று கொடுத்தால் முதல் ஹெச்.டி.எம்.ஐ. விண்டோஸுக்கும் இதற்கான இலவச நிரல்கள் உண்டு. இரண்டிலும் ஒரு ஷார்ட்கட் கீ வைத்துவிட்டேன். மானிட்டர் மெனுவில் டி.டி.சி./சி.ஐ. ஆன் செய்திருக்க வேண்டும். பயன்படுத்த ஆரம்பித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: பல மானிட்டர்கள் அப்போது திரையில் இருக்கிற கம்ப்யூட்டரின் பேச்சை மட்டும்தான் கேட்கும். அதாவது மானிட்டரைக் கையில் வைத்திருப்பவர் மற்றவருக்குக் கொடுக்கலாம், மற்றவர் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. நான்கு மணிக்கு என் மீட்டிங் முடியாவிட்டால் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பாள், நான் கீயைத் தட்டிவிட்டு லேப்டாப்பின் சின்னத் திரைக்குப் போய்விடுவேன்.

லேப்டாப் பக்கத்தில் தொல்லை குறைவு. முதல் நாள் ஹெச்.டி.எம்.ஐ.யில் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்பு ஓரம் இருந்தது. சில கிராஃபிக்ஸ் டிரைவர்கள் ஹெச்.டி.எம்.ஐ. என்றாலே எதிரில் டி.வி. என்று நினைத்துக்கொண்டு படத்தைச் சுருக்கி அனுப்பும், டிரைவர் அமைப்பில் ஸ்கேலிங் என்ற இடத்தில் பூஜ்யமாக்கினால் சரியாகிவிடும். உண்மையிலேயே டி.வி.யை மாட்டுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறாக ஓரம் வெட்டுப்படும், ஓவர்ஸ்கேன் என்பது. டி.வி.யின் பட அளவு மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்" மாதிரி ஏதாவது பெயரில் அதை நிறுத்த வழி இருக்கும். அப்புறம், இரண்டு திரையும் சேர்ந்து ஓடும்போது மவுஸ் ஓர் இடத்தில் சுவரில் முட்டினாற்போல நின்றுவிடும். லேப்டாப் திரை 1366க்கு 768, மானிட்டர் 1920க்கு 1080, மேல் ஓரத்தை ஒட்டி அடுக்கியிருந்தால் மானிட்டரின் கீழ்ப்பகுதியிலிருந்து லேப்டாப்புக்குப் போக வாசலே இருக்காது. டிஸ்ப்ளே அமைப்பில் இரண்டு கட்டங்களையும் கீழ் ஓரம் ஒட்டும்படி இழுத்துவிட்டேன். மேஜையிலும் லேப்டாப் தாழ்வாகத்தானே இருக்கிறது, கைக்கு அதுதான் இயல்பாக வருகிறது.

போன மாதம் துடைக்கும்போது யார் கையோ பட்டு மானிட்டர் ரீசெட் ஆகி, மறுபடி எல்லாம் இடது பக்கம் போய்விட்டது. நான் ஊரில் இல்லை. போனில் சொல்லச் சொல்ல அவளே வெள்ளைப் பக்கத்தை விரித்து, ஆட்டோ அட்ஜஸ்ட் போட்டு, கோட்டுப் படத்தைத் திறந்து, ஃபேஸை நகர்த்தி, "எறும்பு நின்னுருச்சு" என்றாள். வந்து பார்த்தால் மானிட்டரின் பின்பக்கம் ஒரு சேலை விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதன் மறுபுறம் அவள் கையெழுத்தில்: இடம் 47, கிளாக் 50, ஃபேஸ் 61.